ஒற்றை எஞ்சினில் தரையிறங்குதல்: மீட்டியர் விமானங்களில் உயிர்களைப் பறித்த ஒரு பயிற்சி

பிரிட்டனின் விமானப்படையில் மீட்டியர் என்ற ஜெட் விமானம் பணியில் இருந்த காலத்தில் ஏறத்தாழ 890 மீட்டியர்கள் அழிந்தன என்பதும், அவற்றோடு 450 விமானிகள் இறந்தனர் என்பதும் விமான வரலாற்றில் பரவலாகத் தரப்படும் கணக்கு. 1953-ஆம் ஆண்டில் மட்டும் 145 விமானங்கள் வீழ்ந்தன. இரண்டரை நாளுக்கு ஒன்று என்ற விகிதம் அது. இவற்றில் மிகப் பெரும்பான்மை போர்க்களத்தில் நிகழ்ந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டிருந்தது. இங்கிலாந்தின் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் மேலே, சாதாரண வேலை நாட்களில், பயிற்சிக்காகப் பறந்த இளைஞர்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

பிரேக்குகள் பலவீனமாக இருந்தன, தரையிறங்கு சக்கரங்கள் சில நேரங்களில் இறங்க மறுத்தன, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான எரிபொருளே இருந்ததால் மேகமூட்டத்தில் வழி தவறியவர்கள் ஓடுபாதையைக் கண்டுபிடிக்கும் முன்பே எரிபொருளை இழந்தார்கள் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஓர் எஞ்சின் நின்றுபோனால் எப்படித் தரையிறங்குவது என்று கற்றுக்கொடுப்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுப் பறக்கும் பயிற்சி அது. உண்மையாகவே எஞ்சின் பழுதாகி இறந்தவர்களைக் காட்டிலும் எஞ்சின் பழுதானதுபோல் பழகும்போது இறந்தவர்களே அதிகம் என்று மீட்டியர் ஓட்டியவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள விமானிகள் ‘கிரிட்டிகல் ஸ்பீடு’ என்று அழைத்த ஒரே ஒரு கருத்து போதும். பள்ளிக்கூட இயற்பியலைத் தாண்டி அதில் எதுவும் இல்லை.

முதலில் விமானத்தைப் பார்ப்போம். க்ளாஸ்டர் நிறுவனம் தயாரித்த மீட்டியர் 1943 மார்ச் 5-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1944 ஜூலையில் விமானப்படையின் 616-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தது. அக்காலத்து ஜெட் எஞ்சின்கள் வலுக்குறைந்தவை. ஒன்றைக்கொண்டு ஒரு போர் விமானத்தை வேண்டிய வேகத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பதால் வடிவமைப்பாளர் ஜார்ஜ் கார்ட்டர் இரண்டு எஞ்சின்களை வைத்தார். பிரிட்டனின் ஜெட் எஞ்சின் முன்னோடியான ஃபிராங்க் விட்டிலின் வழியில் வந்த அந்த எஞ்சின்கள் காற்றை மையத்திலிருந்து வெளிநோக்கி வீசி அழுத்துபவை. அதனால் பீப்பாய்போல் பருத்தவை. அவற்றை உடற்பகுதிக்குள் திணிக்க இடமில்லாமல், இறக்கை ஒவ்வொன்றிலும் உடலிலிருந்து தள்ளி ஒன்றாகப் பொருத்தினார்கள். போருக்குப் பிந்தைய மீட்டியர்களில் இருந்த டெர்வென்ட் எஞ்சின் ஒவ்வொன்றும் சுமார் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோ உந்துவிசை தந்தது. இரண்டும் ஒன்றுபோல் இயங்கும்வரை இந்த அமைப்பில் குறையொன்றும் தெரியாது.

இரட்டை மாட்டு வண்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாடுகளும் ஒரே சீராக இழுத்தால் வண்டி நேராகப் போகும். இடப்பக்கத்து மாடு திடீரென்று நின்றுவிட, வலப்பக்கத்து மாடு அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே போனால் வண்டி இடப்பக்கமாகத் திரும்பும். மாடுகள் இரண்டும் நுகத்தடியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பூட்டப்பட்டிருக்கின்றனவோ அந்த அளவுக்கு அந்தத் திருப்பம் கடுமையாக இருக்கும். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதைவிட விளிம்பில் தள்ளும்போது எளிதாகத் திறக்கிறதே, அதே விதி. உடற்பகுதியோடு ஒட்டினாற்போல் இரண்டு எஞ்சின்களையும் அருகருகே வைத்திருக்கும் சுகோய்-30 போன்ற பிற்கால விமானங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மீட்டியரில் கதவின் விளிம்பைப் பிடித்துத் தள்ளுவதுபோல்தான் இருந்தது.

வண்டிக்குச் சக்கரங்கள் மண்ணில் பதிந்திருக்கும் பிடிப்பு உண்டு. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்து ஓடும் மாட்டை நிறுத்தவும் முடியும். வானத்தில் பறக்கும் விமானத்தை நேராக வைத்திருக்க அதன் வாலில் செங்குத்தாக நிற்கும் இறகும், அந்த இறகின் பின்விளிம்பில் அசையக்கூடிய சுக்கானும் மட்டுமே இருக்கின்றன. விமானி காலால் மிதிக்கும்போது சுக்கான் ஒரு பக்கம் சாய்கிறது. ஓடிவரும் காற்று அதன்மேல் மோதி வாலை ஒருபக்கமாகத் தள்ளுகிறது. மூக்கு மறுபக்கம் திரும்புகிறது. இடது எஞ்சின் நின்றுவிட்டால் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். விமானி வலது காலை அழுத்தி மிதித்து அதை நேரே பிடித்துவைக்க வேண்டும்.

சுக்கானின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு முக்கியமான கேள்வி. அதற்கென்று சொந்த வலிமை எதுவும் இல்லை. அதன்மேல் மோதும் காற்றின் வேகத்திலிருந்தே அந்த வலிமை பிறக்கிறது. அது வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடிக் குறைவதும் இல்லை. வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்பவே கூடுகிறது, குறைகிறது. 200 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) சுக்கான் தரும் திருப்பு விசையை 100 என்று வைத்துக்கொண்டால், 140 நாட்டில் அது 49 ஆகிவிடும். 100 நாட்டில் வெறும் 25. வேகம் பாதியாகும்போது சுக்கானின் பலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஜெட் எஞ்சினின் தள்ளுதலோ இப்படிக் குறைவதில்லை. எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை முழுவதும் திறந்துவைத்தால், விமானம் மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும், இந்த வேக எல்லைக்குள் அது கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் தள்ளும். ஆக ஒரு பக்கம் மாறாத விசையும், மறுபக்கம் வேகத்தோடு சரசரவென்று குறைந்துபோகும் எதிர்விசையும் நிற்கின்றன. வேகம் இறங்கிக்கொண்டே வரும்போது இவை இரண்டும் சமமாகும் ஒரு புள்ளி வந்தே தீரும். அந்த வேகத்தில் விமானி சுக்கானை அதன் எல்லைவரை மிதித்திருப்பார். அதற்கும் கீழே ஒரு நாட் குறைந்தால்கூட மிதிப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. விமானம் செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பத் தொடங்கும். அந்த எல்லைதான் கிரிட்டிகல் ஸ்பீடு. தமிழில் ‘கட்டுப்பாட்டின் குறைந்தபட்ச வேகம்’ என்று சொல்லலாம்.

திரும்புவதோடு அது நிற்பதில்லை என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். மூக்கு இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது வலது இறக்கை முன்னோக்கி வீசப்படுகிறது. இடது இறக்கை பின்தங்குகிறது. முன்னோக்கிப் போகும் இறக்கையின்மேல் காற்று அதிக வேகத்தில் ஓடுவதால் அது அதிகமாக மேலெழும்புகிறது. பின்தங்கியது தன் தாங்குவிசையை இழந்து தாழ்கிறது. விமானம் இடப்பக்கமாக உருளத் தொடங்குகிறது. விட்டுவிட்டால் தலைகீழாகவே கவிழ்ந்துவிடும். கைப்பிடியை எதிர்ப்பக்கம் சாய்த்து அதைத் தடுக்க விமானி முயல்வது இயல்பு. ஆனால் மெதுவான வேகத்தில், ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருக்கும் இறக்கையிடம் மேலும் தாங்குவிசை கேட்பது, அந்த இறக்கையின்மேல் ஓடும் காற்றோட்டம் முற்றாகப் பிரிந்துபோகவும் காரணமாகலாம். 300 அடி உயரத்திலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால் அது நான்கரை விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். தரையிறங்கும் கட்டத்தில் இப்படி உருண்ட விமானத்திலிருந்தவர்களுக்குக் கிடைத்த நேரமும் ஏறக்குறைய அவ்வளவே.

கிரிட்டிகல் ஸ்பீடு என்றதும் அதை ஓடுபாதையில் வரைந்த கோடுபோல் நிலையான ஓர் எண் என்று நினைத்துவிடக் கூடாது. நினைத்தவர்கள் பலர் இறந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. அந்த வேகம் ஓடும் எஞ்சினை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. த்ராட்டிலைக் குறைவாக வைத்திருந்தால் திருப்பும் விசையும் குறைவு. ஆகவே மிக மெதுவாகக்கூட நேராகப் பறக்கலாம். முழுவதும் திறந்த அந்தக் கணமே கிரிட்டிகல் ஸ்பீடு மேலே தாவிவிடும். ஒரு விநாடிக்கு முன்பு பாதுகாப்பாக இருந்த அதே வேகம் இப்போது எல்லைக்குக் கீழே போய்விடும். ஓடும் எஞ்சின் பக்கமாக விமானத்தை ஐந்து பாகை அளவு சாய்த்துவைத்தால் எல்லை சற்றுத் தாழும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயரும். இவற்றோடு விமானியின் கால்வலுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீட்டியரின் சுக்கானை அசைக்க எந்திர உதவி ஏதும் கிடையாது. முழு உந்துவிசையை எதிர்த்து மிதிபலகையைப் பிடித்துவைக்க முழங்காலை நேராகப் பூட்டி, முதுகை இருக்கையில் அழுத்தி, உடலின் முழுப் பலத்தையும் செலுத்த வேண்டியிருந்தது. கால் நடுங்கத் தொடங்கினால், குட்டையான ஒருவரால் மிதிபலகையை அதன் எல்லைவரை தள்ள முடியாவிட்டால், அவருக்கான கிரிட்டிகல் ஸ்பீடு இன்னொருவருடையதைவிட அதிகம். ஒரு விமானத்தின் இயற்பியல் எல்லை அதை ஓட்டுபவரின் தொடைத் தசையைப் பொறுத்து மாறியது என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த உண்மை.

இனி அந்தப் பயிற்சியைப் படிப்படியாகப் பார்க்கலாம். இதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது மீட்டியர் டி.7 என்ற இரட்டை இருக்கை விமானம். முன்னால் மாணவர், பின்னால் பயிற்றாசிரியர். ஓடுபாதையை ஒட்டிய வட்டப்பாதையில் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது ஆசிரியர் ஓர் எஞ்சினின் த்ராட்டிலை மூடிவிடுவார். தொடக்க ஆண்டுகளில் எரிபொருளையே அடைத்து எஞ்சினை முழுவதுமாக நிறுத்திவிடுவதும் உண்டு. மாணவர் எந்த எஞ்சின் நின்றது என்று கண்டுபிடித்து, எதிர்க்காலை மிதித்து நேராக்கி, வேகத்தைக் காத்துக்கொண்டு, சக்கரங்களை இறக்கி, மெதுவாகப் பறக்கும்போதும் விமானத்தைத் தாங்க உதவும், இறக்கைகளின் பின்னே உள்ள ஃபிளாப்புகள் என்ற தட்டுகளைத் தாழ்த்தி, ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். இறங்கு பாதையில் விமானம் சரிந்து வருவதால் ஓடும் எஞ்சினிடமிருந்து அதிகம் கேட்கத் தேவையில்லை. த்ராட்டில் பாதி திறந்திருந்தாலே போதும். காலுக்கும் அவ்வளவு பாரம் இல்லை. எல்லாம் ஒழுங்காகப் போவதாகவே தோன்றும்.

இப்போது மாணவர் சற்றுத் தாழ்வாக, சற்று மெதுவாக வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறது. இறங்காமல் மேலே எழும்பிச் செல்ல வேண்டும். தரை நெருங்குவதைக் காணும் எந்த விமானியின் கையும் தன்னறியாமல் செய்யும் வேலை ஒன்றுதான்: த்ராட்டிலை முன்னே தள்ளுவது. முதல் நாளிலிருந்து அவருக்குப் பழக்கப்பட்டது அதுவே. ஒற்றை எஞ்சினில், எல்லை வேகத்துக்கு அருகில், அந்த ஒரு செயலே அவரைக் கவிழ்க்கிறது. த்ராட்டில் திறந்ததும் கிரிட்டிகல் ஸ்பீடு அவர் பறந்துகொண்டிருக்கும் வேகத்தைத் தாண்டி உயர்ந்துவிடுகிறது. உருளத் தொடங்கிய விமானத்தை மீட்க ஒரே வழி, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல எஞ்சினையும் உடனே மூடிவிட்டு மூக்கைத் தாழ்த்துவதுதான். 300 அடியில், மரங்களின் உச்சிகள் கண்ணுக்கு நேரே எழும்பி வரும்போது, தன்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே எஞ்சினைத் தானே மூடு என்று இருபது வயது இளைஞர் ஒருவரிடம் சொல்வது எத்தகைய கோரிக்கை என்பதை நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளுணர்வு சொல்லும் திசைக்கு நேர் எதிரான திசையில் உயிர் இருந்தது.

சரி, நேராகப் பிடித்துவைத்துவிட்டார் என்றே கொள்வோம். மேலே ஏற முடியுமா? இங்கே இன்னொரு கணக்கு வருகிறது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று போனால் ஏறும் திறன் பாதியாகும் என்று நம் மனம் கணக்கிடும். அது தவறு. ஏறுவதற்குப் பயன்படுவது மொத்த உந்துவிசையின் ஒரு பகுதி மட்டுமே. காற்றின் தடையை ஈடுகட்டியபின் மிஞ்சுவது எதுவோ அதுதான். விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு எஞ்சின்களின் உந்துவிசை 100 என்றும், சக்கரங்களும் ஃபிளாப்புகளும் இறங்கிய நிலையில் காற்றுத் தடை 60 என்றும் வைத்துக்கொண்டால் ஏறுவதற்கு 40 மிஞ்சும். ஒன்று நின்றால் கையில் இருப்பது 50. தடையோ 60-க்கும் மேல், ஏனெனில் நின்றுபோன எஞ்சினும் எல்லைவரை சாய்ந்த சுக்கானும் தம் பங்குக்குத் தடையைக் கூட்டுகின்றன. மிஞ்சுவதற்குப் பதிலாகப் பத்துக்கும் மேல் பற்றாக்குறை. த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தாலும் விமானம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சக்கரங்கள் மேலே மடங்க வேண்டும், ஃபிளாப்புகள் உள்ளே போக வேண்டும், வேகம் கூட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் முழுதும் உயரம் கரைந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட ஓர் உயரத்துக்குக் கீழே வந்தபின் ஒற்றை எஞ்சினில் மேலெழும்ப நினைக்கவே கூடாது, எப்படியாவது இறங்கித்தான் தீர வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறந்தது.

நிறுத்திவைத்த மற்ற எஞ்சினை மீண்டும் இயக்கினால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். முழுவதுமாக நிறுத்திய ஜெட் எஞ்சினை வானத்தில் மறுபடியும் பற்றவைக்க வேகமும் உயரமும் நேரமும் தேவை. ஓடுபாதையின் நுனியில் அவை மூன்றுமே இல்லை. நிறுத்தாமல் குறைந்த சுழற்சியில் விட்டுவைத்திருந்தாலும், பிஸ்டன் எஞ்சினைப்போல் கேட்டவுடன் அது பதில் சொல்லாது. அக்காலத்து ஜெட் எஞ்சின், குறைந்த சுழற்சியிலிருந்து முழு வலுவுக்கு ஏறப் பல விநாடிகள் எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானங்களை ஓட்டிப் பழகிய கைகளுக்கு இந்தத் தாமதம் புதிது.

மீட்டியர் பழகிய தலைமுறையின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. டி.7 முதன்முதலாகப் பறந்தது 1948 மார்ச் 19-ஆம் தேதிதான். அதற்கு முன்பு நான்காண்டுகளாக இரட்டை இருக்கை மீட்டியர் என்று ஒன்று படைப்பிரிவுகளில் இருக்கவில்லை. ஜெட் விமானத்துக்கு மாறியவர் கையேட்டைப் படித்துவிட்டு, தரையில் நின்ற ஒருவரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, முதல் முறையே தனியாக ஏறிப் பறந்தார். பிறகு 600-க்கும் மேற்பட்ட டி.7 விமானங்கள் கட்டப்பட்டு, டிரிஃபீல்டு, மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் போன்ற இடங்களில் உயர்நிலைப் பயிற்சிப் பள்ளிகள் இயங்கத் தொடங்கின. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் விமானப்படையை அவசரமாகப் பெருக்க வேண்டிய நெருக்கடி வந்தது. கட்டாய ராணுவப் பணிக்கு வந்த இளைஞர்களும் விமானிகளாக்கப்பட்டார்கள். பள்ளிகள் பெருகின, மாணவர்கள் பெருகினார்கள், ஆசிரியர்களில் பலருக்கே ஜெட் அனுபவம் குறைவு. 1953-ஆம் ஆண்டின் அந்தப் பயங்கரமான எண்ணிக்கையை இந்த அவசரத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இந்தக் கதையில் மனத்தை விட்டு அகலாத இன்னொரு செய்தி உண்டு. ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் எஜெக்‌ஷன் சீட்டை மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1946 ஜூலை 24-ஆம் தேதி பெர்னார்டு லிஞ்ச் என்ற ஊழியர் பறக்கும் விமானத்திலிருந்து அதில் அமர்ந்து வெளியேறிக் காட்டினார். அவர் வெளியேறிய விமானம் ஒரு மீட்டியர்! பின்னர் வந்த எஃப்.8 என்ற போர்வகை மீட்டியரில் அந்த இருக்கை பொருத்தப்பட்டது. மாணவர்கள் பயின்ற டி.7-இல் அது கடைசிவரை இல்லை. கனமான சட்டங்கள் கொண்ட நீண்ட கண்ணாடி மூடிக்குக் கீழே இருவர் அமர்ந்திருந்தார்கள். உருளும் விமானத்திலிருந்து அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தம் சொந்த முயற்சியில் வெளியே குதிப்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. தரைமட்டத்தில் நின்ற நிலையிலிருந்தும் காப்பாற்றக்கூடிய இருக்கைகள் 1960-களில்தான் வந்தன. ஆகவே அன்றைய இருக்கை இருந்திருந்தாலும் 300 அடியில் உருளும் விமானத்திலிருந்து எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அனுபவம் குறைந்தவர்கள் அமர்ந்த விமானத்துக்கே அந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது என்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

டி.7 விமானத்தில் இதோடு உறவுடைய மற்றொரு பொறியும் இருந்தது. மாணவர்கள் அதை ‘ஃபேன்டம் டைவ்’ என்று அழைத்தார்கள். மாயப் பாய்ச்சல் என்று பொருள். வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கையில், உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, மேலும் கீழும் விரியும் ஏர்பிரேக் தட்டுகள் மீட்டியரில் உண்டு. அவற்றை விரித்துவைத்த நிலையிலேயே சக்கரங்களை இறக்கினால், இடது வலது சக்கரங்கள் ஒரே கணத்தில் இறங்குவதில்லை, ஒன்று முந்தும். முந்திய சக்கரத்தின் பக்கமாக மூக்கு இழுபடும். தட்டுகள் கலக்கிவிட்ட காற்று அந்த நேரத்தில் வால் இறகின்மேல் போய் மோதுவதால், நேராக்க வேண்டிய இறகு தன் பலத்தை இழந்துவிடும். இரண்டு இருக்கைகளுக்காக நீண்டுபோன முன்பகுதியும் மூடியும் டி.7-இன் நேர்நிலைத்தன்மையை ஏற்கெனவே குறைத்திருந்தன. மூக்கு திரும்பும், விமானம் உருளும், தரையை நோக்கிப் பாயும். இரண்டு எஞ்சின்களும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஆனால் வால் இறகின்மேல் ஓடும் காற்று போதாமல் போவதே இரண்டுக்கும் மூலம். ஏர்பிரேக்கை மூடாமல் சக்கரத்தைத் தொடாதே என்று ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988 மே 30-ஆம் தேதி, கோவென்ட்ரியில் நடந்த விமானக் காட்சியில் விமானப்படையின் பழைய டி.7 ஒன்று இதே முறையில் விழுந்து அதன் விமானி இறந்தார். காட்சிப் பறப்பின் நடுவே ஏர்பிரேக் விரிந்திருந்தபோதே சக்கரங்களை இறக்கியதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

மீட்டியரோடு இது முடிந்துவிடவும் இல்லை. 1949-இல் முதலில் பறந்து, பின்னாளில் இந்திய விமானப்படையும் வாங்கிப் பயன்படுத்திய கான்பெரா குண்டுவீச்சு விமானத்திலும் எஞ்சின்கள் இறக்கைகளில் தள்ளியே இருந்தன. அதன் பயிற்சி விமானங்களும் ஒற்றை எஞ்சின் பழக்கத்தின்போது இதே வகையில் வீழ்ந்து உயிர்களைக் கொண்டன.

அப்படியானால் அந்தப் பயிற்சியே தேவையற்றதா? நான் அப்படி எண்ணவில்லை. எஞ்சின் உண்மையில் நிற்கும் நாள் வரக்கூடும். அன்று எந்தக் காலை மிதிப்பது என்று தெரியாதவர் இறந்துபோவார். தவறு அதைக் கற்பித்த உயரத்தில் இருந்தது. டெர்வென்ட் எஞ்சின் ஓரளவு நம்பகமானது. அது பழுதாவதற்கான வாய்ப்பு எவ்வளவு, அதற்காகத் தரைக்கு அருகில் பழகும்போது இறப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அன்றைய விமானப்படைக்கு மிகத் தாமதமாகவே வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தத் தலைமுறை, ஓர் இரவில் பல நூறு விமானக் குழுவினரை இழந்த நாட்களைக் கண்டிருந்தது. பயிற்சியில் ஓரிருவர் இறப்பது அவர்களுடைய கணக்கில் பெரிதாகத் தெரியாமல் போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர்களின் வீடுகளில் அப்படித் தெரிந்திருக்காது.

மாற்றங்கள் மெல்ல வந்தன. எஞ்சினை முழுவதும் நிறுத்தித் தரையிறங்கும் பழக்கம் கைவிடப்பட்டு, த்ராட்டிலைக் குறைத்துவைத்து நிறுத்தியதாகப் பாவிக்கும் முறை நிலைத்தது. கிரிட்டிகல் ஸ்பீடுக்கு மேலே போதிய இடைவெளி விட்டு ஒரு பாதுகாப்பு வேகம் வரையறுக்கப்பட்டு, கடைசிக் கட்டம்வரை அதற்குக் கீழே போகக் கூடாது என்று கட்டாயமாக்கப்பட்டது. இன்று இறக்கைகளில் இரண்டு எஞ்சின்கள் கொண்ட சிறு விமானம் எதிலும் வேகமானியைப் பார்த்தால் அதில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஒற்றை எஞ்சினில் கட்டுப்படுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகம் அது. சற்று மேலே ஒரு நீலக் கோடு இருக்கும். ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறுவதற்குரிய வேகம் அது. ஓர் எஞ்சின் போய்விட்டால் முகப்பில் இருக்கும் எண்ணற்ற கருவிகளில் முதலில் அந்த நீலக் கோட்டைப் பார்க்கும்படி பழக்குகிறார்கள்.

கிரிட்டிகல் ஸ்பீடையே மாணவருக்குக் காட்டும் பாடம் இப்போது தரையிலிருந்து பல ஆயிரம் அடி உயரத்தில் நடக்கிறது. ஆசிரியர் ஓர் எஞ்சினை அடக்கிவிட்டு மற்றதை முழுவதும் திறந்துவைப்பார். மாணவர் மூக்கை மெல்ல உயர்த்தி, விநாடிக்கு ஒரு நாட் என்ற அளவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார். கால் மிதிபலகையில் மேலும் மேலும் அழுந்தி, ஒரு கட்டத்தில் அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றுவிடும். அடிவானத்தில் குறித்துவைத்த மரமோ மேகமோ மெதுவாக ஒருபக்கம் நகரத் தொடங்கும். அப்போது மாணவர் நல்ல எஞ்சினின் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தாழ்த்துகிறார். சில நூறு அடி உயரம் இழந்து விமானம் நேராகிறது.